மீட்டிங்கில் உங்கள் பேச்சு எடுபட: அமெரிக்க நிறுவனங்களில் தலைமைப் பொறுப்புக்கு வரும் நம் பெண்களுக்கு

அமெரிக்காவில் வேலை பார்த்து, டீம் லீட், மேனேஜர், டைரக்டர் என்று இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளையரல்லாத பெண்கள் எல்லோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்குக் கூடுதலாகச் சில வேலைகள் உண்டு, அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

"தைரியமா பேசும்மா" என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. யாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம், கையில் என்ன எண் இருக்கிறது, பேசிய பிறகு எழுத்தில் என்ன இருக்கிறது: இந்த மூன்றும் சரியாக இருந்தால் குரல் நடுங்கினாலும் காரியம் நடக்கும். இவை இல்லாமல் எவ்வளவு கம்பீரமாகப் பேசினாலும் அது காற்றோடு போய்விடும்.

பணியிடப் பெண்களுக்கான லீன் இன் அமைப்பும் மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் மேனேஜர் பதவிக்கு 100 ஆண்கள் உயர்த்தப்பட்டபோது பெண்கள் 87 பேர்தான் உயர்ந்தார்கள். வெள்ளையரல்லாத பெண்கள் 73 பேர். முதல் படியிலேயே இவ்வளவு பேர் தங்கிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ளவற்றை டைரக்டர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

1. மீட்டிங்குக்கு முன்பே பேசிவிடுங்கள்

முக்கியமான முடிவுகளில் பல, மீட்டிங்குக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் தனித்தனிப் பேச்சுகளிலேயே முடிந்துவிடும். மீட்டிங்கில் நடப்பது பெரும்பாலும் முத்திரை குத்தும் வேலைதான். இது தெரியாமல் புத்தம்புது யோசனையை நேராகக் கூட்டத்தில் வைத்தால், கேட்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளவே பார்ப்பார்கள். யோசனை நல்லதாக இருந்தாலும் "லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்" என்று ஓரம்கட்டப்படும்.

வியாழக்கிழமை மீட்டிங் என்றால் செவ்வாய்க்கிழமைக்குள் முடிக்க வேண்டியவை: அஜெண்டா போடுபவரிடம் உங்கள் பெயரில் 5 நிமிடம் கேட்டு வாங்குங்கள். பெயர் அஜெண்டாவில் அச்சாகியிருந்தால் நீங்கள் இடம் பிடித்துப் பேச வேண்டியதில்லை, அவர்களே கூப்பிடுவார்கள். பிறகு மூன்று பேரிடம் தலைக்கு 15 நிமிடம் பேசுங்கள்: முடிவெடுப்பவர், எதிர்ப்பார் என்று நீங்கள் நினைப்பவர், ஆதரிக்கக்கூடியவர். எதிர்ப்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வாட் வுட் ஸ்டாப் யூ ஃப்ரம் சப்போர்ட்டிங் திஸ்?" அவர் சொல்லும் காரணத்துக்கான பதிலை உங்கள் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த மூவரிடமும் போவதற்கு முன் உங்கள் மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகக் கேள்விப்படும் மேனேஜர், தன் தலைக்கு மேல் போய்விட்டதாகவே எடுத்துக்கொள்வார். ஆண்டு இறுதியில் உங்களுக்காகப் பேச வேண்டியவர் அவர்தான்.

2. ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, மூன்று எண்

நாம் கதையை ஆதியிலிருந்து சொல்லி, காரணங்களை அடுக்கி, கடைசியில் கோரிக்கைக்கு வருவோம். நம் ஊரில் அது பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. அமெரிக்க வைஸ் பிரசிடென்ட் இரண்டாவது நிமிடத்தில் கேள்வி கேட்டு நிறுத்திவிடுவார். நீங்கள் கோரிக்கைக்கு வந்தே இருக்க மாட்டீர்கள். தலைகீழாக மாற்றுங்கள்: என்ன வேண்டும், எப்போதைக்குள், எவ்வளவு செலவு, கொடுக்காவிட்டால் என்ன ஆகும்.

எடுத்துக்காட்டாக: "ஏப்ரல் 15-க்குள் இரண்டு இன்ஜினியர்கள் வேண்டும். வாடிக்கையாளர் புகார்கள் ஜனவரியில் 40, மார்ச்சில் 95. ஆள் வராவிட்டால் ஜூன் ரிலீஸ் தள்ளிப்போகும்." இவ்வளவுதான். மீதி எல்லாம் கேட்டால் சொல்வதற்கு, இரண்டாவது பக்கத்தில் இருக்கட்டும்.

போனில் பதிவு செய்து 90 விநாடிக்குள் வருகிறதா என்று பாருங்கள். திரும்பக் கேட்கும்போது "சாரி", "ஜஸ்ட்", "ஐ மே பி ராங், பட்" எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி வெட்டுங்கள். உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை, வேகத்தை மட்டும் குறையுங்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் நம் வாயில் ஒன்று போலவே கேட்கும் என்பதால் "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று சொல்லிப் பழகுங்கள். பட்ஜெட் பேசும் இடத்தில் இந்தக் குழப்பம் வந்தால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

3. முதல் 10 நிமிடத்துக்குள் ஒரு முறையாவது பேசுங்கள்

பெரிய கருத்தாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வி, அல்லது "ஐ அக்ரீ வித் தட், ஃபார் ஒன் ரீசன்" என்று ஒரு வரி போதும். நேரம் ஆக ஆக வாய் திறப்பது கடினமாகும், மற்றவர்களும் உங்களைப் பார்வையாளர் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஜூமிலும் டீம்ஸிலும் கை உயர்த்தும் பட்டனை மட்டும் நம்பாதீர்கள். பேசிக்கொண்டிருப்பவர் அதைப் பார்ப்பதில்லை. மைக்கைத் திறந்து யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். பெயர் கேட்டதும் பேச்சு நிற்கும். இன்னொன்று: நம் பக்கவாட்டுத் தலையாட்டல் வீடியோவில் அவர்களுக்கு "இல்லை" என்றோ "யோசிக்கிறாள்" என்றோதான் தெரியும். சம்மதம் என்றால் வாய்விட்டு "யெஸ்" சொல்லுங்கள்.

4. குறுக்கே பேசினால், உங்கள் யோசனை இன்னொருவர் வாயில் வந்தால்

2020 அக்டோபர் 7 அன்று நடந்த துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில் அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸ் குறுக்கிட்டபோது கமலா ஹாரிஸ் சொன்னது: "மிஸ்டர் வைஸ் பிரசிடென்ட், ஐ'ம் ஸ்பீக்கிங்." குரலை உயர்த்தவில்லை, விளக்கம் சொல்லவில்லை, சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அலுவலகத்துக்கு இதையே சற்று மென்மையாக்கி, "ஐ'ட் லைக் டு ஃபினிஷ் திஸ் பாயிண்ட்" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது. விட்ட இடத்திலிருந்து அதே வாக்கியத்தை மறுபடி தொடங்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான். ஒரே ஆள் மூன்றாவது முறையும் குறுக்கிட்டால் கூட்டத்தில் மோதாமல், முடிந்ததும் கூட்டத்தை நடத்துபவரிடம் தனியாக, எந்தெந்த இடத்தில் நடந்தது என்று சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபோது யாரும் கண்டுகொள்ளாத யோசனை, கால் மணி நேரம் கழித்து இன்னொருவர் சொன்னதும் பாராட்டு வாங்குகிறதா? அந்த நிமிடத்திலேயே பேசுங்கள்: "தேங்க்ஸ் ஃபார் பில்டிங் ஆன் வாட் ஐ ரெய்ஸ்ட் எர்லியர். த நெக்ஸ்ட் ஸ்டெப் ஐ'ட் ப்ரபோஸ் இஸ்…" முதல் வாக்கியம் யோசனை யாருடையது என்று சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் வேலையை உங்கள் கையில் வைக்கிறது. அடுத்த அடியைச் சொல்பவரிடம்தான் பொறுப்பு போய்ச் சேரும், அதனால் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

ஒபாமா ஆட்சியில் வெள்ளை மாளிகைப் பெண் ஊழியர்கள் இதற்கு ஒரு கூட்டு வழி வைத்திருந்தார்கள். ஒரு பெண் நல்ல கருத்தைச் சொன்னால் இன்னொருவர் அதைத் திரும்பச் சொல்லி, முதலில் சொன்னவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார். உங்கள் கூட்டத்தில் இரண்டு பேருடன் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்களும் அவர்களுக்குச் செய்ய வேண்டும்.

அன்று மாலைக்குள் ஐந்து வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்ன முடிவானது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். மறுநாள் என்றால் வேறு யாராவது வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

5. குறிப்பெடுப்பதும் கேக் வாங்குவதும்

குறிப்பெடுத்துக்கொண்டே வாதாட முடியாது. "ஐ டுக் நோட்ஸ் லாஸ்ட் டைம், லெட்ஸ் ரொட்டேட்" என்று சொல்லி, பெயர் அகரவரிசையில் ஒரு சுற்றுப்பட்டியலை நீங்களே போட்டுவிடுங்கள். வெறுமனே மறுத்தால் பெயர் கெடும். பட்டியல் போட்டால் நிர்வாகத் திறமை.

பெண்களுக்கான, ஆசியர்களுக்கான ஊழியர் குழுக்களில் சேருவது நல்லது. மேலிடத்து ஆட்களை அங்கே பார்க்கலாம். ஆனால் அதை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் சம்பளமில்லாத கூடுதல் வேலை. ஏற்பதற்கு முன், ஆண்டு மதிப்பீட்டில் இது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் உறுப்பினராக மட்டும் இருங்கள்.

6. ப்ரமோஷன்: நீங்கள் இல்லாத அறையில் நடப்பது

பல நிறுவனங்களில் மேனேஜர்கள் ஒன்றாக உட்கார்ந்து எல்லோரையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் கூட்டம் நடக்கும். அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார்கள் என்றால், அந்த இரண்டு நிமிடத்துக்கான சரக்கை நீங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 15 நிமிடம் ஒதுக்கி நான்கு பத்தியில் எழுதி வாருங்கள்: தேதி, செய்த வேலை, அதனால் மாறிய எண், அதைப் பார்த்தவர். கடைசிப் பத்தியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் கூட்டத்தில் "ஆமாம், எனக்கும் தெரியும்" என்று இரண்டாவது குரல் கொடுக்கப்போகிறவர் அந்தப் பத்தியில்தான் இருப்பார். "வீ டிட்" என்று எழுதும் பழக்கத்தை இங்கே விடுங்கள். டீம் செய்ததை டீமுக்குக் கொடுங்கள், நீங்கள் எடுத்த முடிவை "ஐ டிசைடட்" என்றே எழுதுங்கள். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. மேனேஜருக்குத் தேவைப்படும் தகவல் இது.

மதிப்பீட்டுக் கூட்டம் எந்த மாதம் என்று கேட்டு, அதற்கு மூன்று மாதம் முன்பே மேனேஜரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "ஐ வான்ட் டு பி கன்சிடர்ட் திஸ் சைக்கிள். வாட் இஸ் மிஸ்ஸிங்?" ஒரு மாதம் முன்பு கேட்டால் பட்டியல் மூடியிருக்கும்.

விமர்சனம் வரும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பெண்ணுக்கு ஒரு வருடம் "ரொம்ப அமைதி", அடுத்த வருடம் "அக்ரெசிவ்" என்று எழுதுவார்கள். வருத்தப்பட்டுக்கொண்டு திரும்பாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மீட்டிங்கில்? எந்த வாக்கியம்? அதனால் வேலைக்கு என்ன பாதிப்பு? பதில் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பதில் இல்லையென்றால், நடந்த உரையாடலை "நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

7. சம்பளம் கேட்கும் முன்

கலிபோர்னியாவில் உங்கள் பதவிக்கான சம்பள வரம்பை நீங்கள் கேட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். கொலராடோ, நியூயார்க், வாஷிங்டன், இல்லினாய்ஸ் மாநிலங்களில் வேலை விளம்பரத்திலேயே வரம்பு போட வேண்டும். உங்கள் நிறுவனமே உங்கள் பதவிக்கு ஆள் தேடும்போது அந்தப் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி ஆட்களை எடுக்க நிறுவனங்கள் தாக்கல் செய்யும் எல்சிஏ என்ற விண்ணப்பத்தின் விவரங்களை அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாக வெளியிடுகிறது. நிறுவனம், பதவி, ஊர், சம்பளம் எல்லாம் அதில் உண்டு. அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் இருக்கும், போனஸும் பங்கும் சேராது. அதை மறந்து மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் நீங்கள் கேட்கும் எண் தவறிவிடும்.

புது மேனேஜர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சக ஊழியர்களோடு சம்பளம் பேசும் உரிமையைக் கூட்டாட்சித் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் ஆளெடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ள சூப்பர்வைசருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பல மாநிலச் சட்டங்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. பதவி ஏறிய அன்றே உங்கள் மாநிலம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. விசா பயம்

நம் பெண்கள் பலர் வாய் திறக்காததற்கு உண்மைக் காரணம் கூச்சம் அல்ல, கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு. அதனால் இதைப் பேசாமல் மேலே சொன்னதெல்லாம் வீண்.

எச்-1பி வேலை போனால் 60 நாள் வரை அவகாசம் உண்டு. நாட்டில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதி வரைதான். ஐ-140 அங்கீகாரமாகி 180 நாள் கடந்துவிட்டால், நிறுவனம் திரும்பப் பெற்றாலும் பொதுவாக அதன் அங்கீகாரம் ரத்தாகாது. கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதி உங்களுடனேயே வரும். பழிவாங்கலுக்கு எதிரான சட்டங்களும் விசா எது என்று பார்ப்பதில்லை.

ஆகவே பிரச்சினை வருவதற்கு முன், நல்ல நாளில், குடியேற்றத் துறை அனுப்பிய ஐ-797 அறிவிப்புகள் எல்லாவற்றின் நகலையும், ஐ-140 அங்கீகார நகலையும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ஐ-140-ஐக் கொடுக்கத் தயங்கும் நிறுவனங்கள் உண்டு. குறைந்தது ரசீது எண்ணையும் முன்னுரிமைத் தேதியையும் எழுதி வாங்குங்கள்.

ப்ரமோஷன் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இன்னொரு கேள்வி: புதுப் பதவியின் வேலை, பெர்மில் (கிரீன் கார்டுக்கு முதல் படியான தொழிலாளர் சான்று விண்ணப்பத்தில்) எழுதிய வேலையிலிருந்து மாறுகிறதா? பெர்ம் நடந்துகொண்டிருக்கும்போது இன்ஜினியர் பதவி மேனேஜர் பதவியாக மாறினால் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டி வரலாம். வேறு பெருநகரப் பகுதிக்கு இடம் மாறினால் எச்-1பி திருத்த மனுவும் தேவை. நிறுவனத்தின் வக்கீல் நிறுவனத்தின் நலனையும் பார்ப்பவர். ஒரு மணி நேரம் சொந்தமாக ஒரு குடியேற்ற வக்கீலிடம் கேட்க ஆகும் சில நூறு டாலர் வீண் செலவாகாது.

9. பாகுபாடு என்று தெரிந்தால்: எழுத்தும் நாட்கணக்கும்

முதலில் வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, நேரம், யார், சொன்ன அதே வார்த்தை, உடனிருந்தவர். நிறுவன ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அதையே காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவார்கள். ரகசியமாகப் பதிவு செய்வதும் ஆபத்து. கலிபோர்னியா, இல்லினாய்ஸ், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் எல்லோர் சம்மதமும் இல்லாமல் தனிப்பட்ட உரையாடலைப் பதிவது குற்றம். கலிபோர்னியாவில் உங்கள் பணிக்கோப்பை எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் காட்ட வேண்டும்; இதை உரிமையாகவே கேட்கலாம்.

எச்.ஆருக்கு எழுதும்போது "அன்ஃபேர்", "டாக்சிக்" என்று மட்டும் எழுதினால் சட்டப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். பால், இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றில் எதன் காரணமாக நடந்தது என்று நினைக்கிறீர்களோ அந்தச் சொல் கடிதத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதிய பிறகு உங்களைப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டாகவே நிற்கும்.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால், வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் இஇஓசி என்ற கூட்டாட்சி ஆணையத்தில் புகார் தரலாம். கட்டணம் இல்லை. காலக்கெடு 180 நாள். இதே வேலையைச் செய்யும் மாநில ஆணையம் உள்ள இடங்களில் 300 நாள். கலிபோர்னியா, டெக்சாஸ், நியூஜெர்சியில் 300. ஜார்ஜியாவிலும், தனியார் வேலை என்றால் வட கரோலினாவிலும் 180தான். அட்லாண்டா, சார்லட் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நாட்கணக்கில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். உங்களுக்கு முடிவு சொல்லப்பட்ட நாளிலிருந்தே எண்ணிக்கை ஓடத் தொடங்கும். அது அமலாகும் நாளிலிருந்து அல்ல. எச்.ஆர். விசாரணை நடக்கிறதே என்று காத்திருந்தாலும் கடிகாரம் நிற்காது. ஆணையத்தின் போர்ட்டலில் முதலில் பதிவது விசாரிப்பு மட்டுமே, அது புகார் ஆகாது. நேர்காணல் முடிந்து, நீங்கள் கையெழுத்திட்ட பிறகுதான் புகாராகும். நேர்காணலுக்குத் தேதி கிடைக்கத் தாமதமாகலாம், எனவே கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வேலையில் சேரும்போது, வழக்குக்குப் பதில் நடுவரிடம் போவதாக ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், நிறுவனம் இந்தப் புகாரைத் தடுக்க முடியாது.

புகார் பதிவான 10 நாளில் நிறுவனத்துக்கு அறிவிப்பு போகும். இரு தரப்பும் சம்மதித்தால் இலவச சமரசப் பேச்சு உண்டு; பலருக்கு அதிலேயே முடிந்துவிடும். வழக்குத் தொடரலாம் என்ற நோட்டீஸ் வந்தால் 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். கூட்டாட்சி நீதிமன்றப் பதிவுக் கட்டணம் 405 டாலர். வேலைவாய்ப்பு வக்கீல்கள் பலர் ஜெயித்தால் வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஆலோசனைக்கு மட்டும் பணம் வாங்குவோரும் உண்டு. நிறுவனம் செட்டில்மென்ட் தாளை நீட்டினால் அன்றே கையெழுத்திடாதீர்கள். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர் வயது தொடர்பான உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், சட்டப்படி படித்துப் பார்க்கக் குறைந்தது 21 நாளும், கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 7 நாளும் தர வேண்டும். வயது குறைந்தவர்களும் அவகாசம் கேட்கலாம், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

அந்த 90 நாள் நோட்டீஸ் போர்ட்டலில்தான் ஏற்றப்படும். அறிவிப்பு மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போயிருக்கலாம். புகார் கொடுத்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை போர்ட்டலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.